ஹக்கீமுக்கு ஏற்ற சென்டர்

பினாங்கு நட்மெக்ஸ் கூடைப்பந்து அணிக்கு நெட்டைப் பையன்களைத் தேடிப் பிடிப்பது புவனேஸ்வரனின் வேலை. நாட்டில் எட்டுத் தொழில்முறை அணிகள். படிப்பை முடிக்கும் கல்லூரி ஆட்டக்காரர்களை ஆண்டுக்கு ஒருமுறை அந்த எட்டு அணிகளும் வரிசையாக, ஆளுக்கு ஒரு பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அதைத்தான் டிராஃப்ட் என்பார்கள். போன ஆண்டு மோசமாகத் தோற்ற அணிக்கு முன்னால் வாய்ப்பு. நட்மெக்ஸ் எந்த ஆண்டும் கடைசி, இல்லாவிட்டால் கடைசிக்கு முந்தைய இடம். ஆகவே நல்ல வாய்ப்பெல்லாம் தேடி வந்தது. வந்ததை எப்படிப் பாழாக்குவது என்பதில் அணி கைதேர்ந்திருந்தது.

அணிக்கு ஜாதிக்காயின் பெயர் வைத்தது அதன் உரிமையாளர் அடைக்கப்பன். பாலிக் புலாவ் தோட்டங்களிலிருந்து ஜாதிக்காய் வாங்கி, சாறு, தைலம், ஊறல் என்று மூன்று தலைமுறையாக விற்கிற குடும்பம். சட்டையின் நெஞ்சில் பிளந்த ஜாதிக்காய் ஒன்றைப் படமாகப் போட்டிருந்தார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அடிபட்டு வீங்கிய கண்போல இருக்கும். அணியின் ஆட்டத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

கூடைக்கு அடியில் நின்று, எட்டிப் பிடித்து, எதிரி எறிவதைத் தட்டிவிடுகிறவனுக்கு சென்டர் என்று பெயர். உயரமாகப் பிறந்தால் போதாதா, இதில் பார்த்து எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைத் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருக்கும் புவனேஸ்வரனுக்கு. மாக் மண்டின் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் பழுதானதைப் பொறுக்கிக் கழிக்கும் பிரிவில் நின்றவன் அவன். உலோக மூடிகள் வரிசையாக ஓடிவரும். கோணலானதை எடுத்து எறியவேண்டும். அந்தக் கண் அவனை விட்டுப் போகவில்லை. ஒரு நெட்டையன் ஆடுகளத்தில் நடந்துவரும்போதே எங்கே கோணல் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

அவன் உயரத்தைப் பார்ப்பதே இல்லை. கால்களைப் பார்ப்பான். எறிந்தது தவறிப் போனால் பையன் திரும்பி ஓடுகிறானா, அல்லது கூரையைப் பார்த்து வருத்தப்படுகிறானா என்று பார்ப்பான். உயரத்தைப் பொறுத்தவரை கல்லூரிகள் கூசாமல் புளுகும். இருநூற்றுப் பத்து சென்டிமீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் மூன்று குறையும். தலைமுடியை அமுக்கினால் இன்னும் இரண்டு குறையும். ஒரு கல்லூரியில் பையனின் குதிகாலுக்கு அடியில் மடித்த அட்டையே இருந்தது. எல்லாவற்றையும் எழுதி, பைலில் கோத்து, ஆறு ஆண்டுகளாக அடைக்கப்பனின் மேசையில் வைத்துவருகிறான்.

அடைக்கப்பன் அதைத் திறந்ததில்லை. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு வேறு வழி இருந்தது.

"புவன், எலும்பையும் சதையையும் நீ பாத்துக்க. கெரகத்தை நான் பாத்துக்கறேன்" என்பார்.

சென்டருக்குப் பந்தைக் கொடுப்பவன் பாயிண்ட் கார்டு. நட்மெக்ஸின் பாயிண்ட் கார்டு ஹக்கீம், ஜெலுத்தோங் அடுக்குமாடியில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவன், அணியில் உருப்படியாக ஆடுகிற ஒரே ஆள். கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒத்துப்போக வேண்டாமா? ஒத்துப்போகவேண்டும் என்றால் பொருத்தம் பார்க்கவேண்டாமா? அடைக்கப்பனுக்கு இதில் சந்தேகமே எழவில்லை. ஹக்கீமின் பிறப்புச் சான்றிதழில் இருந்த நேரத்தை வைத்து ஜெலுத்தோங் ஜோசியர் நல்லமுத்து ஒரு ஜாதகம் கணித்தார். பந்தைக் கொடுப்பவன் மாப்பிள்ளை, வாங்குபவன் பெண் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி சென்டர்களின் ஜாதகத்தை ஹக்கீமின் ஜாதகத்தோடு சேர்த்துப் பார்த்தார். பத்துப் பொருத்தத்தில் ஒன்றை மட்டும் அவரே வெட்கப்பட்டு விட்டுவிட்டார். ஆக ஒன்பது.

"அண்ணே, எனக்கு இந்த வருசம் பொண்ணு அமையுமா லா?" என்று ஹக்கீம் கேட்பான். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். புவனேஸ்வரனுக்கு மட்டும் சிரிப்பு வராது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஒன்பதுக்கு எட்டுப் பொருத்தத்தோடு வந்த சென்டருக்குப் பேருந்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அதற்கு அடுத்தவன் பந்து வேகமாக வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். ஹக்கீம் கொடுத்த பந்து ஒருமுறை அவன் நெற்றியில் பட்டு, எகிறி, எதிரணிக்கே கூடையாக விழுந்தது. கிரகங்கள் அந்த நொடியிலும் சாதகமாகவே இருந்தன என்று நல்லமுத்து அடித்துச் சொன்னார். பழி யார் தலையில் விழும்? சென்டர் தேடும் வேலைக்கு ஆள் இருக்கும்போது கிரகத்தை யார் திட்டுவார்கள்?

இந்த ஆண்டு அடைக்கப்பன் பினாங்கு ஸ்ட்ரீட் அலுவலகத்தில் அவனை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"தம்பி, ஆறு வருசமாச்சு. இந்தத் தடவையும் சென்டர் சரியா அமையலன்னா நீ உன் பழைய வேலைக்கே போயிடு. எனக்கும் சூசாவா, சங்கடமா இருக்கு லா, ஊருல பதில் சொல்ல முடியல."

நாற்பத்தொரு வயதில் மறுபடியும் மூடி பொறுக்கப் போகவேண்டும். வேலை போவதைவிட இன்னொன்று அதிகமாக வலித்தது. தான் எழுதியதில் ஒரு வரியைக்கூடக் கூடைப்பந்து தெரிந்த ஒருவர் படித்ததில்லை என்பதுதான் அது.

அந்த ஆண்டு எடுக்கத் தகுந்த சென்டர்கள் மூன்று பேர். முதலாவது பூன் ஹெங், அச்சில் மட்டுமே பெரிய உயரம். இரண்டாவது கெடாவிலிருந்து வந்த இக்மல், கதவை அடைத்து நிற்கிற உடம்பு, வலது தோள் பக்கமாகத் திரும்பினால் யாராலும் தடுக்க முடியாது. இடது பக்கம் திரும்பவைத்தால் பந்தை இடுப்பளவுக்கு இறக்கிவிடுவான், குழந்தைகூடத் தட்டிவிடலாம். மூன்றாவது பழனியப்பன்.

பழனியப்பனைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது புவனேஸ்வரன் கைத்தொலைபேசியை அணைத்துவைத்தான். கிள்ளானைச் சேர்ந்த நகரத்தார் வீட்டுப் பையன், பினாங்கில் பொறியியல் படிக்கிறவன். வெறுங்காலில் இருநூற்று நான்கு. கை அதைவிட நீளம். பதினான்கு ஆட்டங்களை நேரில் போய்ப் பார்த்தான். எதிரி எறிவதற்கு முன்பே எங்கே எறியப்போகிறான் என்று அந்தப் பையனின் காலுக்குத் தெரிந்திருந்தது. குறை இல்லாமல் இல்லை. தனியாக நின்று எறியும் ஃப்ரீ த்ரோவில் மூச்சை அடக்கிக்கொண்டு எறிகிறான், அதனால்தான் பாதி தவறுகிறது, மூச்சை விட்டுவிட்டு எறிந்தால் போதும் என்று எழுதினான். மூன்று பேரைப் பற்றியும் எழுதி முடித்தபோது முப்பத்தொரு பக்கம் வந்திருந்தது. அதில் பதினொன்று பழனியப்பனுக்கு.

பழனியப்பனின் உண்மையான ஜாதகத்தை அவன் கேட்டு வாங்கவில்லை. ஒத்துவராமல் போனால் என்ன செய்வது? பயம் மனிதனை என்னவெல்லாம் செய்யவைக்கிறது. அவன் வீட்டு அலமாரியில் ஒரு கட்டு ஜாதக நகல் இருந்தது. அவனுடையதுதான். அவன் அம்மா ஐம்பது நகல் எடுத்துப் பெண் வீடுகளுக்கு அனுப்பியதில் மிச்சம். செவ்வாய் தோஷம் என்று ஐம்பதில் ஒரு வீடும் சரி என்று சொல்லவில்லை. போகட்டும், பந்தாட்டத்துக்குத்தானே, ஹக்கீமுக்குத் தோஷமா பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தான். பிறந்த ஆண்டைத் திருத்தி, பெயரை மாற்றி, மறுபடி ஒரு நகல் எடுத்து நல்லமுத்துவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மோட்டார்சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது ஜோசியரின் அறை. கீழே எவனோ இன்ஜினை முறுக்கிக்கொண்டிருந்தான். நல்லமுத்து இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை மடக்கி, மறுபடி முதலிலிருந்து மடக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒம்பதுக்கு ஒம்பது, தம்பி. முப்பது வருசத்துல நான் இப்படிப் பாத்ததில்ல. இந்தப் பையனும் ஹக்கீமும் சேர்ந்தா அமோகமா இருப்பாங்க. விட்டுடாதீங்க லா!"

புவனேஸ்வரன் படியிறங்கிவந்து தன் மோட்டார்சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். இந்த உலகத்தில் தன் ஜாதகத்துக்குப் பொருந்திய ஒரே ஆள் நட்மெக்ஸின் பாயிண்ட் கார்டு என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அடைக்கப்பன் மகிழ்ந்துபோனார். டிராஃப்டில் நட்மெக்ஸுக்கு இரண்டாவது வாய்ப்பு. முதல் வாய்ப்புள்ள கோலாலம்பூர் அணி அச்சடித்த உயரத்தை நம்புகிற கூட்டம்; பூன் ஹெங்கைத்தான் எடுப்பார்கள். ஆகவே பழனியப்பன் நமக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. ஜாதகத்தையும், அதோடு கிளிப் போட்டிருந்த முப்பத்தொரு பக்கப் பைலையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அங்கேதான் வினை வந்தது.

அடைக்கப்பனின் மனைவி முத்தம்மைக்குக் கூடைப்பந்து என்றால் வியர்வை நாற்றம், அவ்வளவுதான். ஆனால் மேசைமேல் ஒரு ஜாதகம் கிடந்தால் எடுத்துப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. மகள் கௌரிக்கு இருபத்திரண்டு வயது. கௌரிக்கும் செவ்வாய் தோஷம். தோஷமுள்ள, நகரத்தார் வீட்டு, வேறு கோயிலைச் சேர்ந்த, கௌரியைவிட உயரமான பையனை இரண்டு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார் முத்தம்மை. பழனியப்பன் என்ற பெயரைப் பார்த்தார். கட்டத்தில் செவ்வாயைப் பார்த்தார். கிள்ளானுக்கு இரண்டு போன் போட்டு எந்தக் கோயில் என்று விசாரித்தார். வேறு கோயில்தான், பங்காளி முறை இல்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைலைத் திறந்தார்.

ஆறு ஆண்டுகளில் புவனேஸ்வரனின் பைலைத் திறந்த முதல் மனுஷி அவர்தான்.

மூன்று நாள் கழித்துக் காலையில் அடைக்கப்பனிடமிருந்து போன் வந்தது. "தம்பி, பசியாறிட்டியா? வீட்டுக்கு வா. ஆச்சி உன்கிட்டப் பேசணுமாம்."

போனான். கூடத்தில் முத்தம்மை ஆச்சி பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கௌரி. அடைக்கப்பன் சற்றுத் தள்ளி, தன் வீட்டில் விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தார்.

"ஏழாம் பக்கத்துல எழுதியிருக்கீங்களே" என்றார் ஆச்சி, விரலை வரியில் வைத்து. "நடுவர் தப்பா விசில் ஊதுனாலும் கத்துறதில்ல, விழுந்தவனைக் கை குடுத்துத் தூக்கி விடுறான்னு. எத்தனை தடவை பாத்தீங்க?"

"பதினாலு ஆட்டத்துல ஒம்பது தடவை, ஆச்சி."

"தோத்த அன்னைக்கு?"

"தோத்த அன்னைக்கு நாலு."

ஆச்சி கௌரியைப் பார்த்தார். கௌரி பைலைப் பார்த்தாள். அவளுக்கு அந்த ஏழாம் பக்கம் பிடித்திருந்தது. இரவில் பையனின் ஆட்ட வீடியோக்களைத் தேடி எடுத்துப் பார்த்தும் இருந்தாள். புவனேஸ்வரனுக்கு நெஞ்சு விம்மியது. யாரோ படிக்கிறார்கள்! பக்க எண் சொல்லிக் கேட்கிறார்கள்! அந்தப் பெருமையில், எதற்காகக் கேட்கிறார்கள் என்று யோசிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"நல்லது. பையன் வீட்டுல பேசிட்டோம், அவங்களுக்கும் சம்மதம்" என்றார் ஆச்சி.

"டீமுக்கு வரதுக்கா, ஆச்சி?"

"என்ன டீமு? கௌரிக்கு."

புவனேஸ்வரன் அடைக்கப்பனைப் பார்த்தான். அடைக்கப்பன் மின்விசிறியைப் பார்த்தார்.

"பாஸ், அப்ப டிராஃப்ட்ல..."

"எப்படிலா எடுக்கிறது?" என்றார் அவர், உண்மையிலேயே வருத்தப்பட்டு. "மாப்பிள்ளைக்கு மாசச் சம்பளம் குடுத்து வேலைக்கு வச்சுக்கிறதா? கோச் லிம் வாயத் தொறந்தா என்ன வார்த்தை வரும்னு உனக்குத் தெரியும். மூவாயிரம் பேருக்கு முன்னால மாப்பிள்ளையத் திட்டுவான். தப்பா ஆடுனா பெஞ்சில உக்காரவைப்பான். நாளைக்குச் சம்பந்தி வீட்டுல நான் எந்த முகத்தோட போயி நிப்பேன்?"

"கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, அப்பச்சி" என்று கௌரி அப்பாவிடம் மெல்லச் சொன்னாள். "அதுவரைக்கும் ஆடட்டுமே" என்றாள்.

"அதுவரைக்கும் திட்டு வாங்கட்டும்கிறியா?"

அப்போது ஆச்சி மடியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். பையனின் அம்மா கிள்ளானிலிருந்து அனுப்பிய ஜாதகம் அது. அதில் நட்சத்திரம் வேறு, ராசி வேறு. தோஷம் மருந்துக்குக்கூட இல்லை.

"ஒரே பையன், ரெண்டு நட்சத்திரத்துல பொறந்திருக்கான். எது நெசம், தம்பி?"

புவனேஸ்வரனுக்குப் பளிச்சென்று ஒரு வெளிச்சம். ஜாதகம் பொய் என்றால் சம்பந்தம் உடையும். சம்பந்தம் உடைந்தால் பையன் டிராஃப்டுக்கு வருவான்! திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

"நான் குடுத்தது பொய், ஆச்சி. அது என்னோட ஜாதகம்."

அடைக்கப்பன் எழுந்தே விட்டார். "டேய்! அப்ப ஹக்கீமுக்கு ஒம்பது பொருத்தம் இருந்தது..."

"எனக்குத்தான் பாஸ்."

கௌரி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆச்சி மட்டும் அசையவில்லை. இரண்டு காகிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஜாதகம் திருத்துறதெல்லாம் ஊருல நடக்கிறதுதான்" என்றார் கடைசியில். "இவங்க அனுப்புனதையும் யாரு கண்டா? சரி, கௌரியோடதையும் தோஷமில்லாம ஒன்னு எழுதச் சொல்லிட்டாப் போச்சு. நல்லமுத்து எழுதித் தருவாரு. அது கெடக்கட்டும். நான் கேக்குறது இந்தப் பைலை. இதுவும் அப்படித்தானா?"

புவனேஸ்வரன் வாயைத் திறந்தான். ஒரே வார்த்தைதான். ஆமாம் ஆச்சி, இதுவும் புளுகு, பையன் முரடன், தோற்றால் நாற்காலியை உதைப்பான் என்று சொன்னால் போதும். சம்பந்தம் நின்றுபோகும். ஆனால் முரடன் என்று சொன்ன பையனை அடைக்கப்பன் அணிக்கும் எடுக்கமாட்டார். அவனைத் தடுத்தது அதுகூட இல்லை. கோணலில்லாத மூடியைக் கோணல் என்று சொல்லி அவன் ஒரு நாளும் எறிந்ததில்லை. தன் ஜாதகத்தில் ஆயிரம் பொய் சொல்லுவான். ஒரு சென்டரைப் பற்றி ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒவ்வொரு வரியும் நெசம், ஆச்சி" என்றான்.

"அதான் பாத்தேன். ஜோசியர் பையனப் பாத்ததே இல்ல. நீங்க பதினாலு ஆட்டம் பாத்திருக்கீங்க." ஆச்சி பைலை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். "இது இங்கயே இருக்கட்டும்."

வாசல்வரை வந்து வழியனுப்பிய அடைக்கப்பன், நான் இக்மலை எடுக்கிறேன் என்றார். லீக்கின் முதல் ஆட்டம் ஜொகூர் அணியோடு, பினாங்கிலேயே. "அதுல ஜெயிச்சா இரு. தோத்தா நீயே கெளம்பிடு, என்னைச் சொல்ல வைக்காத" என்றார். பொய் ஜாதகத்துக்காகத் தனியாகத் திட்டவும் மறக்கவில்லை.

டிராஃப்ட் ஜார்ஜ் டவுனில் ஒரு ஹோட்டலில் நடந்தது. லீக் செயலாளர் நூருல் மேடையில் கடிகாரத்தை ஓடவிட்டார். கோலாலம்பூர் பூன் ஹெங்கை எடுத்தது. அடைக்கப்பன் எழுந்து, பழனியப்பன் இருந்த பக்கம் திரும்பாமல், இக்மலின் பெயரைச் சொன்னார். மூன்றாவதாக ஜொகூர்க்காரர்கள் பழனியப்பனை அள்ளிக்கொண்டு போனார்கள். கல்யாணப் பந்தியில் யாரோ எழுந்துபோன இலையில் லட்டு கிடந்ததுபோல அவர்களுக்கு நம்பவே முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடைக்கப்பன் வீட்டில் நிச்சயம் பேசி முடித்தார்கள். புவனேஸ்வரனுக்கும் அழைப்பு. வராமல் இருந்திருக்கலாம், ஆச்சியே போன் செய்ததால் வந்தான். வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், கற்கண்டு என்று வரிசையாகத் தட்டுகள். கடைசித் தட்டில் அவனுடைய பைல். அட்டையில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது.

"பையனப் பத்தி இவ்வளவு நல்லா எழுதியிருக்கு, அவங்க வீட்டுலயும் இருக்கட்டுமேன்னு வச்சேன்" என்றார் ஆச்சி.

அவனுக்குச் சுரீர் என்றது. பழனியப்பனைப் பற்றிய பதினொரு பக்கம் மட்டுமா அதில் இருக்கிறது? இக்மலைப் பற்றி எழுதியதும் அதில்தான் இருக்கிறது. இடது பக்கம் திரும்பினால் பந்தை இறக்குகிறான் என்பது கட்டம் போட்டு, கீழே கோடு போட்டு இருக்கிறது. ஜொகூர் அணியின் சென்டர் கையில் அது போனால் முதல் ஆட்டம் என்ன ஆகும்? தன் வேலை என்ன ஆகும்? திருப்பி வாங்கிவிட வேண்டும். பாதிப் பக்கம் விட்டுப்போயிருக்கிறது, சரிபண்ணித் தருகிறேன் என்று சொன்னால் ஆச்சி கொடுத்துவிடுவார்.

திரும்பிப் பார்த்தால் தட்டில் பைல் இல்லை. தேடிக்கொண்டு உள்ளே போனான். பழனியப்பன் பட்டு வேட்டியோடு, முழங்கால் இடிக்காமல் உட்கார இடமில்லாத ஒரு சோபாவில் கோணலாக உட்கார்ந்து, பைலைத் தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான். உதடு மெல்ல அசைந்தது. அவனைச் சுற்றிப் போட்டோ எடுக்கிறவர்கள் கூப்பிடுவது காதில் விழவே இல்லை.

"அண்ணே, நீங்கதானே எழுதுனது?" என்றான், நிமிர்ந்து. "ஃப்ரீ த்ரோல நான் மூச்ச அடக்குறேன்னு எழுதியிருக்கீங்க. எட்டு வருசமா ஆடுறேன், எந்தக் கோச்சும் சொன்னதில்ல. எப்படிண்ணே பாத்தீங்க?"

"தோள் ஏறுது தம்பி. எறியிறதுக்கு முன்னாடி ஏறி அப்படியே நின்னுடுது."

பையன் உட்கார்ந்தபடியே கையை உயர்த்திப் பார்த்தான். தோளைப் பார்த்தான். மூச்சை விட்டுப் பார்த்தான். முகம் மலர்ந்தது. பிறகு பக்கத்தைப் புரட்டினான், இக்மல் இருக்கிற பக்கத்தை நோக்கி.

இப்போது கேட்டு வாங்கவேண்டும். புவனேஸ்வரன் கையை நீட்டவும் செய்தான். பையன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. ஒரு வரியை விரலால் தொட்டுக்கொண்டு, மனசுக்குள் அந்த அசைவை ஓட்டிப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கியிருந்தான். ஆறு ஆண்டுகளாக இப்படி ஒரு முகத்தைப் பார்க்கத்தானே புவனேஸ்வரன் எழுதினான்! நீட்டிய கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிவிட்டுக்கொண்டான். முட்டாள்தனம் என்று அவனுக்கே தெரிந்தது. வெளியே வந்து, பந்தியில் உட்கார்ந்து, நன்றாகச் சாப்பிட்டான்.

முதல் ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. இக்மல் பந்தை வாங்கும்போதெல்லாம் பழனியப்பன் அவன் வலது தோளை ஒட்டி நின்றுகொண்டான். திரும்ப வழி இடது பக்கம்தான். இடது பக்கம் திரும்பினால் பந்து இடுப்புக்கு இறங்கும். இறங்கிய பந்தை அந்த நீளக் கை மெல்லத் தட்டிவிடும், சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பதுபோல. ஒருமுறை, இரண்டுமுறை, ஏழுமுறை. கோச் லிம் மூன்று மொழிகளில் திட்டினார். ஹக்கீம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். பழனியப்பனுக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கோட்டில் நின்று, தோளைத் தளர்த்தி, மூச்சை நீளமாக வெளியே விட்டான். உள்ளே. மறுபடி மூச்சு. மறுபடி உள்ளே.

உரிமையாளர் வரிசையில் அடைக்கப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புவனேஸ்வரனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம், அதை மறைப்பதற்கு இல்லை. நான்காம் கால் பகுதியில் ஜொகூருக்குத் தொண்ணூற்றொன்று, நட்மெக்ஸுக்கு ஐம்பத்தெட்டு. அடைக்கப்பனுக்கு மறுபக்கம் முத்தம்மை ஆச்சி, எந்த அணி யாருடையது என்ற கவலையே இல்லாமல், மாப்பிள்ளை தட்டிவிடும்போதெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தார். கௌரி எழுந்து நின்றே கைதட்டினாள்.

எட்டாவது முறையாக இக்மலின் கையிலிருந்து பந்து பறந்தபோது அடைக்கப்பன் வெடித்துவிட்டார்.

"என்னடா இது! இவன் எந்தப் பக்கம் திரும்புவான், எப்ப இறக்குவான், எல்லாம் அவனுக்கு அத்துப்படியா இருக்கு! எப்படிலா தெரியுது?"

"படிச்சிருக்கான், பாஸ்."

"எதப் படிச்சான்?"

"நான் எழுதுனத. முப்பத்தொரு பக்கமும்."

அடைக்கப்பன் அவன் பக்கம் முழுசாகத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"அடப்பாவி! அத ஏன்டா எங்கிட்டக் குடுக்கல?"

புவனேஸ்வரன் ஆடுகளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அங்கே பழனியப்பன் கீழே விழுந்த இக்மலைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தான்.

"ஆறு வருசமா உங்க மேசை மேலதான் பாஸ் வச்சுக்கிட்டிருந்தேன்" என்றான்.